உறையூரில் ஒரு பிசியோதெரபி நிலையம்: தோள்பட்டை இறுக்கத்துக்குச் சென்றுவந்தவரின் மதிப்பீடு

திருச்சியில் இன்று தெருவுக்கு ஒரு பிசியோதெரபி நிலையம் இருக்கிறது. வாசல் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் எல்லாவற்றிலும் இயந்திரங்களின் பெயர்களே பெரிய எழுத்தில் இருக்கும்: ஐ.எஃப்.டி. எனப்படும் மின்சாரச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், லேசர், டிராக்‌ஷன், மெழுகு ஒத்தடம். நோயாளிகளும் அதற்கேற்ப "கரண்ட் வைத்துக்கொள்ளப் போகிறேன்" என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்த இயந்திரங்களை இயக்குபவரின் கை எப்படிப்பட்டது, நோயாளி முகம் சுளிக்கும்போது அந்தக் கை என்ன செய்யும் என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை. தோள்பட்டை இறுக்கத்தைப் பொறுத்தவரை குணமாவதும் கெடுவதும் பெரும்பாலும் அந்தக் கையில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. உறையூரில் ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட் தனியாக நடத்திவரும் சிறிய நிலையத்தைப் பற்றி நான் எழுதுவதற்கும் அதுவே காரணம். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். இருக்கும் நோயாளிகளுக்கே நேரம் போதவில்லை என்கிறார். ஆகவே இந்த மதிப்பீடு அந்த நிலையத்துக்கு ஆள் சேர்ப்பதற்காக எழுதப்படவில்லை. உங்கள் ஊரில் இப்படிப்பட்ட ஒருவரைத் தேடும்போது எதையெல்லாம் கவனிக்கலாம் என்பதற்கு இது உதவினால் போதும்.

முதலில் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் சிகிச்சையை மதிப்பிட இயலாது. தோள் மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. நம் ஊரில் பொதுவாக ஜவ்வு என்பார்கள். அந்த உறை அழற்சி கண்டு, தடித்து, சுருங்கிவிடுவதுதான் ஃப்ரோசன் ஷோல்டர் எனப்படும் தோள்பட்டை இறுக்கம். எர்னஸ்ட் காட்மேன் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1934இல் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். 40 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்களை, அதிலும் பெண்களை, இது கூடுதலாகத் தாக்குகிறது. பொதுமக்களில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வரக்கூடிய இந்தத் தொல்லை சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது. முதலில் சில மாதங்கள் வலி ஏறிக்கொண்டே போகும்; இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. பிறகு வலி சற்றுக் குறைந்து இறுக்கம் மட்டும் நிலைத்துவிடும். அதன்பின் மெல்ல மெல்லத் தளரத் தொடங்கும். மூன்று கட்டங்களும் முடிய ஓராண்டிலிருந்து மூன்றாண்டுகள்கூட ஆகலாம். கை முதலில் இழப்பது வெளிப்பக்கமாகத் திரும்பும் திறனைத்தான். தலைவாருவது, ரவிக்கையின் பின்கொக்கியை மாட்டுவது, பேருந்தில் மேல்கம்பியைப் பிடிப்பது எல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப்போகும். நான் ஆசிரியை, கரும்பலகையின் மேல்பாதி எனக்கு இல்லாமல் போயிற்று. பக்கவாட்டில் 180 டிகிரி எழ வேண்டிய வலக்கை 80 டிகிரியைத் தாண்டவில்லை.

இந்த நிலையத்துக்கு வருமுன் வேறொரு பெரிய நிலையத்துக்குச் சில வாரங்கள் சென்றேன். அங்கே குறை சொல்ல ஒன்றுமில்லாத இயந்திரங்கள் இருந்தன; குளிர்சாதன வசதி இருந்தது; ரசீதும் ஒழுங்காகக் கொடுத்தார்கள். சிகிச்சை அளித்த இளைஞர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடியே, கையை மேலே தள்ளுவார். நான் கத்தினால், "வலிக்கத்தாம்மா செய்யும், பல்லைக் கடிச்சுக்குங்க, வலிச்சாத்தான் ஜவ்வு பிரியும்" என்பார். அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. வரிசையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவருக்கும் நெருக்கடி இருந்தது. ஆனால் என் வலி அவரை எரிச்சலூட்டியது என்பதும், அந்த எரிச்சல் கையின் அழுத்தமாக மாறியது என்பதும், அப்படி மாறுகிறது என்று அவருக்கே தெரியவில்லை என்பதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. ஒவ்வொரு நாளும் போய்வந்த இரவில் தூக்கம் கெட்டது; தோள் முன்பைவிடக் கூடுதலாக இறுகியது.

உறையூர் நிலையத்தில் முதல் நாள் ஏறக்குறைய முழு நேரமும் பேச்சிலேயே கழிந்தது. அவர் எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எப்ப ஆரம்பிச்சுதுன்னு நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டுவிட்டு அதன்பின் வாய் திறக்கவில்லை. நான் முதலில் சர்க்கரையைப் பற்றி ஆரம்பித்து, தேர்வுத்தாள் திருத்தும் பணியைப் பற்றிப் போய், மாமியாரைத் தூக்கி உட்காரவைக்க வேண்டியிருப்பதைச் சொல்லி, கடைசியில்தான் முந்தைய நிலையத்தில் நடந்ததற்கு வந்தேன். கேள்விகளெல்லாம் அதன்பிறகே வந்தன. இரவில் எந்தப் பக்கம் படுக்கிறீர்கள், மூன்று மாத சர்க்கரைச் சோதனையில் எவ்வளவு இருந்தது, கை மரத்துப்போகிறதா, கழுத்தைத் திருப்பினால் வலி ஏறுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை அதற்குப் பிறகுதான் வாங்கிப் பார்த்தார்.

இதை நான் உபசாரமாகக் கருதவில்லை. 1984இல் அமெரிக்காவில் பெக்மேன், ஃபிராங்கல் என்ற இரு ஆய்வாளர்கள், மருத்துவர் அறைகளில் நடக்கும் உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோயாளி தன் தொல்லையைச் சொல்லத் தொடங்கியதிலிருந்து மருத்துவர் குறுக்கிடும் வரை சராசரியாக 18 விநாடிகளே ஆகியிருந்தன. குறுக்கிடப்பட்டவர்களில் மிகச் சிலரே விட்ட இடத்துக்குத் திரும்பிவந்து சொல்லி முடித்தார்கள். நோயாளி முதலில் சொல்வது அவரை உண்மையில் வாட்டுவதாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பது அந்தத் துறையில் இன்று பாடமாகவே சொல்லித்தரப்படுகிறது. என் விஷயத்தில் மாமியாரைத் தூக்கும் செய்தி நடுவில்தான் வந்தது. அது வந்திராவிட்டால் காலையில் நான் செய்யும் பயிற்சியை மாலையில் அந்தத் தூக்கல் கெடுத்துக்கொண்டே இருந்திருக்கும். முதியவரைக் கட்டிலில் எப்படிப் புரட்டி, கால்களை முதலில் தொங்கவிட்டு, இடக்கையின் பலத்தில் உட்காரவைப்பது என்பதை முதல் நாளிலேயே சிகிச்சைக் கட்டிலில் தானே படுத்துக்காட்டிச் சொல்லிக் கொடுத்தார். தோளுக்கென்று அன்று அவர் செய்தது ஒத்தடமும் கோணமானியால் அளவெடுத்ததும் மட்டும்தான்.

இனி அந்தக் கையைப் பற்றி. மல்லாந்து படுக்கவைத்து, ஒரு சிறிய துண்டை மடித்து முழங்கைக்கு அடியில் வைப்பார். ஒரு உள்ளங்கை தோள்பட்டை எலும்பின் மேல் படிந்திருக்கும்; இன்னொரு கை மணிக்கட்டுக்குச் சற்று மேலே தளர்வாகப் பிடித்திருக்கும். உடனே இழுக்க மாட்டார். நம் மூச்சு வெளியே போகும்போது கை சற்று நகரும், உள்ளே வரும்போது நின்றுவிடும். அவர் பார்வை தோளில் இருக்காது. என் இமைகளிலும் தாடையிலும் இருக்கும். வலிக்கிறது என்று நான் வாயால் சொல்வதற்கு முன்பே, இமை இறுகிய கணத்தில், கை அரை அங்குலம் பின்வாங்கிவிடும். வலியை 0 முதல் 10 வரையான அளவில் சொல்லச் சொல்வது எல்லா நிலையங்களிலும் உள்ள வழக்கம்தான். இவர் அத்துடன் ஒரு விதியையும் சேர்த்திருக்கிறார்: எண் 4ஐத் தாண்டினால் இடக்கையால் கட்டிலைத் தட்ட வேண்டும், தட்டியவுடன் அவர் எந்தக் கேள்வியும் கேட்காமல் நிறுத்திவிடுவார். முதல் சில அமர்வுகளில் நான் பலமுறை தட்டினேன். ஒருமுறைகூட "இதுக்கேவா?" என்ற பார்வை அவர் முகத்தில் தெரியவில்லை. நிறுத்தும் உரிமை கையில் இருக்கிறது என்று உடம்புக்கு உறுதியானவுடன் தசை தானாகவே தளர்ந்தது. பிறகு தட்ட வேண்டிய தேவையே குறைந்துபோயிற்று.

இதற்கு உடலியல் காரணம் இருக்கிறது. வலி வரப்போகிறது என்று அஞ்சும் உடம்பு மூட்டைச் சுற்றியுள்ள தசைகளை இறுக்கிக் காவல் போடுகிறது. அந்தக் காவலை மீறிக் கையைத் தள்ளினால், தள்ளுபவர் பாதி நேரம் சுருங்கிய உறையோடு அல்லாமல் பயந்த தசையோடுதான் போராடுகிறார். 2004இல் நெதர்லாந்தின் குரோனிங்கனைச் சேர்ந்த டியர்க்ஸ், ஸ்டீவன்ஸ் என்ற இருவர் 77 நோயாளிகளை இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஒரு பிரிவினருக்கு வலியின் எல்லையைத் தாண்டியும் இழுத்துவிடும் தீவிரச் சிகிச்சை அளிக்கப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு நோயின் போக்கை விளக்கிச் சொல்லி, தைரியமளித்து, வலிக்குள் அடங்கிய ஊசலாட்டப் பயிற்சிகளையும் அன்றாட அசைவுகளையும் மட்டும் செய்யச் சொன்னார்கள். இரண்டாண்டு முடிவில் மென்மையான பிரிவில் 89 விழுக்காட்டினரின் தோள் ஏறக்குறைய இயல்புநிலைக்குத் திரும்பியிருந்தது. தீவிரப் பிரிவில் 63 விழுக்காட்டினரே அந்த நிலையை எட்டியிருந்தார்கள். ஓர் ஆய்வைக் கொண்டு எல்லாவற்றையும் முடிவுசெய்துவிடக் கூடாது. தளரும் கட்டத்தில் சற்று அழுத்தமான பயிற்சிக்கு இடமுண்டு என்பதையும் நான் பின்னர் அனுபவத்தில் கண்டேன். ஆனால் "வலித்தால்தான் பிரியும்" என்று வலி மிகுந்த முதல் கட்டத்தில் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிட இந்த ஒரு கணக்கு எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

இந்த அளவுக்கு நுணுக்கமாகத் தொடத் தெரிந்தவர்கள் வேறு இடங்களிலும் இருக்கக்கூடும். இவரிடம் நான் வியந்தது வேறொன்று. தன் மனநிலை தன் கையில் இறங்கும் என்பதை அவர் அறிந்து வைத்திருக்கிறார், அறிந்ததற்கேற்ப நடந்துகொள்கிறார். ஒரு நாள் மாலை நான் போனபோது அவர் முகம் சற்று வாடியிருந்தது. வழக்கம்போல் ஒத்தடம் கொடுத்தார். கையைப் பிடித்தார், பிடித்த கையை இரண்டு நொடிகளில் திரும்ப வைத்துவிட்டார். "டீச்சர், இன்னைக்கு என் கவனம் சரியா இல்ல. வீட்டுல ஒரு பிரச்சினை. கைல அவசரம் தெரியுது. இன்னைக்கு இழுத்துவிட வேண்டாம், கப்பிப் பயிற்சி மட்டும் பண்ணிட்டுப் போங்க" என்றார். என்ன பிரச்சினை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்குப் பாதிக் கட்டணமே வாங்கினார். ஒரு மருத்துவப் பணியாளர் தன் திறமை இன்று குறைவாக இருக்கிறது என்று நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்லி நான் கேட்டது அதுவே முதல்முறை. சொன்னதனால் அவர்மேல் இருந்த நம்பிக்கை எனக்குக் குறையவில்லை. மற்ற நாட்களில் அவர் கையைப் பிடித்து நகர்த்தும்போது, இன்று நகர்த்தலாம் என்று பார்த்த பிறகே நகர்த்துகிறார் என்ற உறுதி வந்தது.

பிறகொரு நாள் இதைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் இடையில் அவர் கை கழுவும் தொட்டிக்குப் போவார். நான் அதைச் சுகாதாரத்துக்காக என்று மட்டும் நினைத்திருந்தேன். முந்தையவரிடமிருந்து எதையாவது சுமந்துகொண்டு போகிறோமா என்று பார்த்துக்கொள்ளும் நேரமும் அதுதான் என்றார். மேசை இழுப்பறையில் நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்றும் இருக்கிறது. இரவில் கடையைக் கட்டுமுன் அன்றைய நோயாளிகளைப் பற்றி அல்லாமல் தன்னைப் பற்றி இரண்டொரு வரி எழுதுகிறார். யாரிடம் பொறுமை இழந்தேன், யாருக்கு வேண்டியதைவிடக் கூடுதலாக நம்பிக்கை கொடுத்துவிட்டேன், யார் வராமல் போனால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது என்பவைதான் அதில் இருக்குமாம். கடைசிக் கேள்வி என்னைச் சற்றுத் திகைக்க வைத்தது. அப்படி எல்லோருக்குமே தோன்றும், தோன்றவில்லை என்று நடிக்கும்போதுதான் அது கையிலும் பேச்சிலும் ஒளிந்துகொண்டு வெளியே வரும் என்று சாதாரணமாகச் சொன்னார்.

இது அவர் தனியாகக் கண்டுபிடித்த முறையா, படித்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மருத்துவ உலகில் இதற்கு ஒரு பழைய மரபு உண்டு. ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய மைக்கேல் பாலிண்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1950களில் லண்டனின் டாவிஸ்டாக் மருத்துவமனையில் பொது மருத்துவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்து, அவர்களுடைய தொல்லைதரும் நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்தார். அந்த நோயாளியைக் கண்டால் மருத்துவருக்கு என்ன தோன்றுகிறது என்பதே அங்கே விவாதப்பொருள். மருந்தைப் போலவே மருத்துவரும் நோயாளியின் மேல் வேலைசெய்கிறார், அதற்கும் அளவும் பக்கவிளைவும் உண்டு என்பது அவர் கருத்து. அவர் பெயரால் அழைக்கப்படும் குழுக்கள் இன்றும் பல நாடுகளில் கூடுகின்றன. இந்தியாவிலும் மருத்துவப் பட்டப்படிப்பில் 2019 முதல் மனப்பான்மை, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்கென்று தனிப் பாடப்பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறது. தனியாகத் தொழில் நடத்தும் ஒரு பிசியோதெரபிஸ்டுக்குக் குழு ஏது? அவருக்கு நாற்பது பக்க நோட்டுதான் வாய்த்திருக்கிறது.

இவ்வளவு சொல்வதால் அவரை எப்போதும் கனிந்து பேசுபவர் என்று எண்ணிவிட வேண்டாம். என் பக்கத்துக் கட்டிலில் பக்கவாதத்துக்குப் பின் நடைப்பயிற்சிக்கு வரும் ஒரு பெரியவர் இருந்தார். மகனோடு வருவார், நான்கு அடி வைத்தவுடன் உட்கார்ந்துகொண்டு, "போதும்மா, என்னால ஆகாது" என்று அழுவார். மகனும் கலங்கிப்போய், "விட்டுடுங்க மேடம், பாவம்" என்பார். இவர் விடவில்லை. பெரியவருக்கு எதிரே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அழுகை ஓயும் வரை அவர் முழங்காலில் கை வைத்தபடி காத்திருந்தார். பிறகு, "ஐயா, அழுதது சரி. இப்ப அந்தத் தூண் வரைக்கும் போயிட்டு வந்து உட்காரலாம்" என்றார். பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். மகனுடைய இரக்கத்தில் தகப்பனார் உட்கார்ந்தே இருந்திருப்பார்.

பிறர் துன்பத்தைக் கண்டு தானும் அதில் மூழ்கிவிடுவதும், துன்பத்தைத் தணிக்க விரும்பி நிதானமாக நிற்பதும் மூளையிலேயே வெவ்வேறு வழிகளில் நடக்கின்றன என்று ஜெர்மனியின் லைப்சிக் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பணியாற்றிய மூளை ஆய்வாளர் டானியா சிங்கரும் உடன் பணியாற்றியவர்களும் நடத்திய ஆய்வுகள் காட்டின. முதல் வகையைப் பயின்றவர்களுக்குத் துன்பக் காட்சிகளைப் பார்க்கையில் மனவேதனை கூடியது; இரண்டாவது வகையைப் பயின்ற பிறகு அதே காட்சிகளின் முன்னே அவர்கள் தளராமல் நிற்க முடிந்தது. நாள் முழுவதும் வலியில் முனகுபவர்களுக்கு நடுவில் நிற்கும் ஒருவருக்கு இது வெறும் தத்துவம் இல்லை. தினமும் பத்துப் பேரோடு சேர்ந்து அழுபவர் ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடுவார், அல்லது அழுவதை நிறுத்துவதற்காக யாரையும் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். நான் முன்பு போன நிலையத்து இளைஞரை இப்போது நினைக்கும்போது, அவரும் தொடக்கத்தில் நோயாளியின் முகத்தைப் பார்த்தவராகத்தான் இருந்திருப்பார் என்று தோன்றுகிறது.

என்னிடமும் அவருடைய கண்டிப்பு வந்தது. தளரும் கட்டம் தொடங்கியபோது வலி குறைந்துவிட்டதால் பயிற்சியின் எண்ணிக்கையை ஏற்றினார். சுவரில் பதித்த மரச்சட்ட ஏணியில் விரல்களை ஒவ்வொரு படியாக ஏற்றி, முந்தைய நாள் பென்சிலால் போட்ட கோட்டைத் தொடாமல் இறக்கக் கூடாது என்றார். இப்போது 4 என்ற எல்லை 5 ஆயிற்று. ஏன் ஆயிற்று என்பதையும் சொன்னார்: அழற்சி அடங்கிவிட்டது, இப்போது வரும் இழுப்பு தசையும் உறையும் நீளும்போது வருவது, கையை இறக்கியவுடன் சில நிமிடங்களில் போய்விட வேண்டும், இரவு வரை நீடித்தால் மறுநாள் குறைத்துக்கொள்ள வேண்டும். வலியைத் தாங்கு என்று சொல்வதற்கும் வலியை எப்படிப் படிப்பது என்று சொல்லித் தருவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த மரச்சட்டத்தின் முன்னால்தான் உணர்ந்தேன்.

உண்மையைச் சொல்லத் தயங்காததும் இந்தச் சேவையின் தரத்தில் சேரும். எத்தனை நாளில் சரியாகும் என்ற கேள்விக்கு மற்ற இடங்களில் பத்து நாள், பதினைந்து நாள் என்று பொட்டலம் போட்டு விற்கிறார்கள். இவர் முதல் நாளே மாதக்கணக்கில் ஆகும், சர்க்கரை கட்டுப்படாவிட்டால் இன்னும் இழுக்கும், முழு அசைவும் திரும்பாமலும் போகலாம் என்று சொன்னார். ஐ.எஃப்.டி. கருவி அவரிடமும் இருக்கிறது. ஆனால் அது சற்று நேரம் வலியைத் தணிக்கும், இறுகிய உறையை அது விரிக்காது என்று சொல்லித்தான் வைத்தார். வலி உச்சத்தில் இருந்த ஒரு வாரத்தில், தோளில் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி எலும்பு மருத்துவரிடம் கேட்கச் சொல்லி அனுப்பினார். ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதால் வீட்டில் பார்த்துக் குறித்துவைக்கவும் சொன்னார். தன்னிடம் வருபவரை இன்னொருவரிடம் அனுப்புவது தொழிலுக்கு இழப்பு என்ற கணக்கு அவரிடம் இல்லை. கட்டணம் ஒரு முறைக்கு 350 ரூபாய்; முன்பணம் வாங்குவதில்லை.

குறைகளும் உண்டு, அவற்றில் சில சிறியவை அல்ல. நிலையம் முதல் மாடியில் இருக்கிறது. படிகள் செங்குத்தானவை, ஒரு பக்கம்தான் கைப்பிடி. மூட்டுவலிக்காரர்களும் பக்கவாத நோயாளிகளும் வரும் இடத்துக்கு இது பொருந்தாத கட்டடம். வாடகையை நினைத்து எடுத்த முடிவு என்று புரிகிறது. ஆனாலும் மேலே சொன்ன பெரியவரை மகனும் கீழ்க்கடைப் பையனும் சேர்ந்து தூக்கிவருவதைப் பார்க்கும்போது, நோயாளியின் இமையைக் கவனிப்பவர் இந்தப் படிக்கட்டை எப்படிக் கவனிக்காமல் விட்டார் என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. கட்டில்களுக்கு நடுவே திரைச்சீலை மட்டுமே இருப்பதால் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழும். நான் மாமியாரைப் பற்றிச் சொன்னதைப் பக்கத்துக் கட்டில் அம்மா மறுவாரம் விசாரித்தார். மனம்விட்டுப் பேசச் சொல்லும் இடத்தில் ஒரு கதவுள்ள அறையாவது இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் வேண்டிய நேரத்தைக் கொடுப்பதால் முன்பதிவு செய்திருந்தாலும் அரைமணி நேரம் காத்திருக்க நேரும். காத்திருக்கும் இடத்தில் தொலைக்காட்சித் தொடர்கள் சத்தமாக ஓடிக்கொண்டிருக்கும். தொலைபேசியைப் பெரும்பாலும் எடுக்க மாட்டார், கை வேலையில் இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இந்தத் திறமை இரண்டாவது ஆளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்பது. உதவிக்கு ஓர் இளம்பெண் இருக்கிறார்; படித்து முடித்துச் சில மாதங்களே ஆகின்றன. ஒத்தடம் கொடுப்பதிலும் பயிற்சியை எண்ணுவதிலும் அவரிடம் குறையில்லை. ஆனால் கையை நகர்த்தும்போது நாம் கட்டிலைத் தட்டினால், நிறுத்திவிட்டு, "ரொம்ப வலிக்குதா மேடம்?" என்று பதறுகிறார், அந்தப் பதற்றத்தைப் பார்த்து அடுத்தமுறை தட்டவே தயக்கமாக இருக்கிறது. இதை நிலையத்தை நடத்துபவரிடம் நேரிலேயே சொன்னேன். நோயாளி வலியில் துடிப்பதைப் பார்த்தும் தான் கெட்டவள் ஆகிவிடவில்லை என்று நிற்கப் பழகுவதற்கு அந்தப் பெண்ணுக்கு இன்னும் காலம் வேண்டும், நான்கரை ஆண்டுப் படிப்பில் தசையின் பெயரெல்லாம் வருகிறது, இது வருவதில்லை என்றார். வாரத்தில் ஒரு நாள் மதிய இடைவேளையில் இருவரும் உட்கார்ந்து அந்த வாரத்தின் கடினமான நோயாளியைப் பற்றிப் பேசுவதாகவும் சொன்னார். பாலிண்டின் குழுவுக்கு இரண்டு பேர் போதாது, தொடக்கத்துக்குப் போதும்.

வீட்டுக்கு வந்து சிகிச்சை அளிக்கும் வசதி இவரிடம் இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்கள், படியேற இயலாதவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகி, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவுசெய்துகொள்ளலாம். அதில் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து இலவசமாக அளிக்கப்படுகிறது. விளையாட்டுக் காயங்களுக்கும், அறுவைச் சிகிச்சை முடிந்து விரைவாகப் பலம் கூட்ட வேண்டியவர்களுக்கும் பெரிய கருவிகள் உள்ள நிலையங்களே ஏற்றவை. இவரிடம் அந்த வசதி இல்லை, அவரே அனுப்பிவிடுவார். பத்து நிமிடத்தில் கரண்ட் வைத்துக்கொண்டு கிளம்ப நினைப்பவர்களுக்கும் இந்த இடம் சரிப்படாது.

என் வலக்கை இப்போது பக்கவாட்டில் 150 டிகிரி வரை எழுகிறது. வெளிப்பக்கம் திருப்புவதில் மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. பேருந்தில் பக்கத்துக் கம்பியைத்தான் பிடிக்கிறேன். நோயின் இயல்பான போக்கிலேயே இதில் ஒரு பங்கு தளர்ந்திருக்கும், எல்லாப் பெருமையும் எனக்கு வேண்டாம் என்று அந்தப் பிசியோதெரபிஸ்டே சொல்கிறார். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கிறேன். பிடித்துக்கொண்ட ஒரு மதிப்பெண் முழுவதும் படிக்கட்டுக்கும் திரைச்சீலைக்கும்தான். காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 9 வரையும் திறந்திருக்கும், ஞாயிறு விடுமுறை. காலையில் முதல் ஆளாகப் போனால் காத்திருக்க வேண்டியதில்லை.